மொட்டிலும் வெட்டுக்கிளியிலும் ஆண் செல் உருவாவதை நீங்களே பார்ப்பது எப்படி

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற யாரிடமாவது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மகரந்தப்பையில் 25 மகரந்தத் தாய் செல்கள், ஒரு விந்தகத்தில் 25 முதல்நிலை விந்துச் செல்கள், எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை ஆண் கேமீட்டுகள், அதாவது ஆண் இனச்செல்கள், கிடைக்கும்? பட்டென்று இரண்டுக்கும் 100 என்பார்கள். விந்தகத்துக்கு 100 சரி. மகரந்தப்பைக்கு 200.

மகரந்தத்தூளையும் விந்தணுவையும் ஒன்றாக நினைப்பதால் வரும் தப்பு இது. விலங்கில் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகி ஒரு செல் நான்காகும் பிரிவு) முடிந்த செல் அப்படியே உருமாறி விந்தணுவாகிவிடும், அதற்குப் பிறகு ஒரு பிரிவும் கிடையாது. தாவரத்தில் குன்றல் பகுப்பு முடிந்ததும் கிடைப்பது ஒரு வித்து (விதை இல்லை, பின்னால் மகரந்தத்தூளாகும் ஒற்றைச் செல்), அதாவது நுண்வித்து. அது இன்னும் இரண்டு முறை பிரிந்தால்தான் ஆண் செல் வரும். படத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் இதைப் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடில் ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அதனால் எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன். 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரணப் பள்ளி மைக்ராஸ்கோப்பே போதும்.

முதலில் சாயம். அசிட்டோகார்மைன் கெமிக்கல் கடைகளில் தயாராகவே கிடைக்கும். நீங்களே செய்வதென்றால் 45 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை 55 மில்லி தண்ணீரில் ஊற்றி, ஒரு கிராம் கார்மைன் தூள் போட்டு, மெல்லிய தீயில் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி மூக்கைப் பிய்க்கும். கார்மைன் என்பது சப்பாத்திக்கள்ளி மேல் ஒட்டி வாழும் காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு. இந்தச் சாயத்துக்குக் கொஞ்சம் இரும்பு சேர்ந்தால்தான் குரோமோசோமில் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். அதனால் மகரந்தப்பையைக் கிழிக்க பளபளக்கும் புது ஸ்டீல் ஊசியைவிட லேசாகத் துருப்பிடித்த பழைய இரும்பு ஊசியே நல்லது.

அடுத்தது செடி. செய்முறைப் புத்தகங்கள் எல்லாம் வெங்காயப் பூவைச் சொல்லும். நல்ல தேர்வுதான், குரோமோசோம்கள் பெரியவை, மொத்தமே 16, எண்ணுவதும் சுலபம். ஆனால் நம் ஊர்ப் பக்கம் தேவைப்படும்போது பூத்த வெங்காயம் கிடைப்பது அரிது. நான் சொல்வது ரியோ செடி. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்திருப்பீர்கள்: பள்ளிக்கூட வாசலிலும் பூங்காக்களிலும் வரிசையாக நட்டிருப்பார்கள், வாள் போன்ற இலை, மேலே பச்சை, அடியில் ஊதா. இலை அடியில் படகு மாதிரி இரண்டு மடல்கள் சேர்ந்து நிற்கும். அதற்குள் குட்டிக் குட்டி வெள்ளை மொட்டுகள் கொத்தாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் இருக்கும். ஒரு படகைப் பிரித்தால் போதும், ஒரே இடத்தில் எல்லா நிலைகளும் உங்கள் கையில்.

காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பறியுங்கள். அன்றைக்கே பார்ப்பதென்றால் பச்சை மொட்டை நேராகச் சாயத்தில் வைத்தே வேலை செய்யலாம். எடுத்து வைப்பதென்றால் மூன்று பங்கு ஆல்கஹாலுக்கு ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்து, அப்போதே கலந்ததாக இருக்க வேண்டும், அதில் ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பல வாரம் தாங்கும்.

இப்போது எந்த மொட்டு என்பதுதான் கேள்வி, எல்லோரும் கோட்டை விடுகிற இடமும் இதுதான். பெரிய மொட்டில் நிறையத் தெரியும் என்று நினைத்து அடுத்த நாள் மலரப்போகும் மொட்டை எடுப்பார்கள். அதில் எல்லாம் முடிந்து மகரந்தத்தூள் தயாராக உட்கார்ந்திருக்கும். மொட்டைப் பிரித்து மகரந்தப்பையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் காலம் கடந்துவிட்டது. கண்ணாடி போல, பால் கலந்த நீர் நிறத்தில் இருந்தால் அதுதான் வேண்டியது. கொத்தில் உள்ள மொட்டுகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தப்பையை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பூவில் ஆறு இருக்கும். அவை ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால், ஒன்றில் சரியான கட்டம் கிடைத்துவிட்டால் மீதி ஐந்தும் உங்கள் சேமிப்பு.

ஸ்லைடில் ஒரு சொட்டுச் சாயம், அதில் ஒரு மகரந்தப்பை. ஊசியால் குறுக்கே வெட்டி, மெதுவாக அழுத்தினால் பற்பசை போல உள்ளிருப்பது வெளியே வரும். காலியான தோலை எடுத்து எறிந்துவிடுங்கள், அது உள்ளே கிடந்தால் கவர் ஸ்லிப் சமமாக உட்காராது. இரண்டு மூன்று நிமிடம் சாயம் ஏற விட்டு, கவர் ஸ்லிப்பை மூடி, ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு தடவை காட்டுங்கள். புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்கும் அளவு, கொதிக்கக் கூடாது. அப்புறம் ஃபில்டர் பேப்பரை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழாக ஓர் அழுத்து. விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் நூல் நூலாக இழுபட்டுவிடும்.

சரி, என்ன தெரியும்? மிகச் சிறிய மொட்டில் நெருக்கியடித்த சதுரச் செல்கள், அவை வித்து உருவாக்கும் திசு. கொஞ்சம் பெரியதில் உருண்டையான பெரிய செல்கள், நடுவே பெரிய உட்கரு, உள்ளே நூல் சிக்கல். அதுதான் மகரந்தத் தாய் செல், குன்றல் பகுப்பின் தொடக்கத்தில். அடுத்த மொட்டில் சிக்கல் தடித்துக் குரோமோசோம்களாகப் பிரிந்து தெரியும். வெங்காயமாக இருந்தால் எட்டு ஜோடிகளை எண்ணலாம். ரியோவில் அப்படி எண்ண முடியாது. முதல் தடவை பார்த்தபோது நான் ஸ்லைடைப் பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். ஆறு ஜோடி தெரிய வேண்டிய இடத்தில் பன்னிரண்டும் முனையோடு முனை ஒட்டி, அறுந்த மணிமாலை போல வளைந்து கிடந்தன. நான்கு ஸ்லைடுகளைக் கழுவிப் போட்ட பிறகுதான் தெரிந்தது, செடியே அப்படித்தான் என்று. ரியோவின் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டவை. ஒன்றின் ஒரு முனைக்கு ஒரு துணை, மறுமுனைக்கு வேறு துணை, அதனால் எல்லாம் கைகோத்துக் கும்மிக்கு நிற்பது போல ஒரு வளையமாகிவிடும், சில செல்களில் வளையம் அறுந்து சங்கிலியாக நிற்கும். இதன் விலையும் ஸ்லைடிலேயே தெரியும்: மலர்ந்த பூவின் மகரந்தத்தைச் சாயத்தில் போட்டால் கணிசமானவை சாயம் ஏறாமல் சுருங்கிக் காலியாகக் கிடக்கும். பதர்.

அதற்கடுத்த கட்டம் நான்கு செல்கள் சேர்ந்திருக்கும் நால்கூட்டு. ரியோ, வெங்காயம் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் முதல் பிரிவு முடிந்ததுமே நடுவில் சுவர் விழுந்து இரண்டாகி, பிறகு நான்காகும், நான்கும் ஒரே தளத்தில் ஆரஞ்சுச் சுளை போல அமையும். பெரும்பாலான இருவித்திலைகளில் கடைசியில்தான் சுவர் விழும், அங்கே நான்கும் கூம்பு அடுக்காக நிற்கும், மூன்றுதான் இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், நான்காவது பின்னால் ஒளிந்திருக்கும். நால்கூட்டைச் சுற்றித் தெளிவாக, நிறமில்லாமல் ஓர் உறை தெரிகிறதா? அது கேலோஸ். மகரந்தப்பையின் உள்வரிசைச் செல்களான டபீட்டம் சுரக்கும் ஒரு நொதி அதைக் கரைத்தால்தான் நான்கும் பிரியும்.

டபீட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வளரும் மகரந்தத்துக்குச் சோறு ஊட்டுவதும் வெளிச்சுவருக்கு ஸ்போரோபொலனின் என்ற அழியாத பொருளைக் கொடுப்பதும் அதுதான். கொடுத்து முடித்ததும் தானே சிதைந்துபோகும். அந்தச் சாவுக்கு நேரம் முக்கியம். பல ஆண்மலட்டுச் செடிகளில் டபீட்டம் முன்கூட்டியே சிதைவதோ, சிதைய வேண்டிய நேரத்தில் சிதையாமல் நிற்பதோதான் கோளாறு, மகரந்தம் பட்டினியில் செத்துவிடும். 1925-ல் கலிஃபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர் கண்டெடுத்த ஒரு மலட்டு வெங்காயச் செடியிலிருந்துதான் கலப்பின வெங்காய விதைத் தொழிலே கிளம்பியது.

பிரிந்து வந்த நுண்வித்தில் உட்கரு முதலில் நடுவில் இருக்கும், பிறகு ஓரத்துக்குத் தள்ளப்படும். அங்கே நடக்கும் பிரிவு சமமானது கிடையாது. பெரிய உடலச் செல் ஒன்று, அதற்குள்ளேயே மிதக்கும் சின்ன உருவாக்கச் செல் ஒன்று. மஞ்சளாகத் தொடங்கிய மகரந்தப்பையில் இதைப் பாருங்கள்: வெளிறிய பெரிய உட்கரு உடலச் செல்லுடையது, கருஞ்சிவப்பாக, பிறைபோல வளைந்தது உருவாக்கச் செல்லுடையது. இந்த நிலையில்தான் பெரும்பாலான பூக்கும் தாவரங்கள் மகரந்தத்தை வெளியே விடுகின்றன. கவனித்தீர்களா, ஆண் கேமீட் இன்னும் பிறக்கவே இல்லை. காற்றில் பறப்பதும் தேனீயின் காலில் ஒட்டுவதும் இரண்டு செல்கள் கொண்ட ஒரு குட்டித் தாவரம். பேச்சுக்குச் சொல்லவில்லை. 1964-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஷிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தப்பைகளை ஊட்டக் கரைசலில் வளர்த்தபோது மகரந்தத்திலிருந்தே கருக்கள் முளைத்து, பாதிக் குரோமோசோம் மட்டும் கொண்ட முழுச் செடிகளாயின. விந்தணுவை எந்தக் கரைசலில் போட்டாலும் இப்படி ஒரு விலங்கு எழுந்து வராது.

இனி வெட்டுக்கிளிக்கு வருவோம். அறுக்க மனமில்லாதவர்கள், அல்லது உங்கள் கல்லூரியில் அனுமதியில்லை என்றால், தயார் நிலையில் விற்கும் எலி விந்தகக் குறுக்குவெட்டு ஸ்லைடை வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் படிக்கும் விதத்தைக் கீழே சொல்கிறேன்.

வெட்டுக்கிளி ஏன்? குரோமோசோம்கள் பெரியவை, குறைவானவை, வருடத்தில் பல மாதம் கிடைக்கும். 1902-03-ல் வால்டர் சட்டன் குரோமோசோம்தான் மரபுக் காரணிகளைச் சுமக்கிறது என்று முடிவுக்கு வந்ததே அமெரிக்கச் சமவெளியின் ஒரு பெரிய வெட்டுக்கிளியின் விந்தகத்தைப் பார்த்துத்தான். மழைக்குப் பிறகு புல்வெளியில் பிடியுங்கள். ஆண் சிறியது, வயிற்றின் நுனி வழவழப்பாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பெண்ணுக்கு நுனியில் முட்டையிடக் குழி தோண்டும் கூரான மடல்கள் இருக்கும். ஃப்ரீசரில் வைத்து அசைவு முழுக்க நின்ற பிறகு வயிற்றின் முதுகுப் பக்கத்தை நீளவாக்கில் கத்தரியுங்கள். குடலுக்கு மேலே மஞ்சளாக, சீப்பு வாழைப்பழம் போல நெருக்கிய குழாய்களின் கொத்து ஒன்று தெரியும், அதுதான் விந்தகம். சுற்றியிருக்கும் கொழுப்பை ஊசியால் விலக்கி, அந்த ஆல்கஹால் அசிட்டிக் கலவையில் ஊறவிட்டு, இரண்டு மூன்று குழாய்களை மட்டும் எடுத்து மொட்டுக்குச் செய்த அதே முறையில் நசுக்குங்கள். முழுக் கொத்தையும் ஒரே ஸ்லைடில் போட்டால் சட்னிதான்.

எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருக்கும் மஞ்சளும் நீலமுமான அந்த அழகான வெட்டுக்கிளியைப் பிடித்தால் ஒரு எச்சரிக்கை. அது எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்து, சீண்டினால் பீய்ச்சி அடிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையும் மாறும். சாதாரணப் புல் வெட்டுக்கிளி ஆணுக்கு 23 குரோமோசோம், எருக்கு வெட்டுக்கிளி ஆணுக்கு 19. இரண்டுமே ஒற்றைப்படை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஒற்றைதான் வேடிக்கை. புல் வெட்டுக்கிளியில் குன்றல் பகுப்பின் முதல் பாதியில் உள்ள செல்லைத் தேடி எண்ணினால் 11 ஜோடிகளும், தனியாக, மற்றவற்றைவிட அடர்ந்து சாயமேறிய ஒரு குச்சியும் இருக்கும். அது எக்ஸ் என்ற பாலினக் குரோமோசோம். ஆணுக்கு ஒய் கிடையாது, எக்ஸுக்குத் துணையே இல்லை, அதனால் ஏதாவது ஒரு பக்கமாகத் தனியே போய்ச் சேரும். முடிவில் பாதி விந்தணுவில் 12, பாதியில் 11. பாலினத்தைத் தீர்மானிப்பது இந்தக் குச்சியாக இருக்கலாம் என்று 1902-லேயே எழுதியவர் சட்டனின் ஆசிரியர் மெக்ளங். ஆனால் எக்ஸ் கிடைத்தால் ஆண் என்று தலைகீழாக நினைத்துவிட்டார், எக்ஸ் உள்ள விந்தணு உண்மையில் பெண்ணைத்தான் தரும்.

ஒரே குழாயில் எல்லா வயதும் வரிசையாக இருக்கும், மூடிய நுனியில் இளையவை, திறந்த பக்கம் முதிர்ந்தவை. செல்கள் சிறு சிறு பைகளாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும், ஒரு பைக்குள் எல்லாம் ஒரே நிலையில். ஒரே செல்லின் வாரிசுகள் முழுவதும் பிரியாமல் மெல்லிய பாலங்களால் இணைந்தே இருப்பதால்தான் இந்த ஒற்றுமை. மகரந்தப்பையிலும் இதே மாதிரி பாலங்கள் உண்டு, அங்கேயும் எல்லாம் ஒரே தாளத்தில் பிரிகின்றன.

இப்போது பிரிவு முடிந்த செல்களைத் தேடுங்கள், இங்கேதான் மொட்டில் பார்த்ததிலிருந்து கதை பிரிகிறது. சின்ன உருண்டைச் செல்கள் ஒரு பையில், கொஞ்சம் நீண்டவை அடுத்த பையில், ஊசி போல மெலிந்தவை அதற்கடுத்ததில், கடைசியில் வாரிய தலைமுடிக் கற்றை போல விந்தணுக் கட்டுகள். எங்கேயும் பிரிவே இல்லை, வெறும் உருமாற்றம். டிஎன்ஏவைச் சுற்றியிருக்கும் புரதங்கள் மாறி உட்கரு இறுகுகிறது, கோல்கை உறுப்பு நுனியில் தொப்பியாகிறது, சென்ட்ரியோலிலிருந்து வால் முளைக்கிறது, மைட்டோகாண்ட்ரியாக்கள் வாலை ஒட்டிச் சேர்கின்றன, வேண்டாத சைட்டோபிளாசம் கழற்றி எறியப்படுகிறது. தூரப் பயணம் போகிறவன் மூட்டையைக் குறைப்பது மாதிரி.

எலி ஸ்லைடு வைத்திருப்பவர்கள் வட்ட வட்டமாகத் தெரியும் குழல்களில் ஒன்றை எடுத்து வெளி விளிம்பிலிருந்து உள்ளே படியுங்கள். விளிம்பில் மூலச் செல்கள், அடுத்துப் பெரிய உட்கருவோடு முதல்நிலை விந்துச் செல்கள், அதற்கும் உள்ளே சின்ன உருண்டைகள், நடு வெளியில் வால்கள். இரண்டாம்நிலை விந்துச் செல்லை, அதாவது குன்றல் பகுப்பின் முதல் பிரிவை மட்டும் முடித்த செல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது சீக்கிரமே பிரிந்துவிடும், கண்ணில் படுவது அபூர்வம். விளிம்பிலிருந்து உள்வெளி வரை ஓங்கி நிற்கும், வெளிறிய உட்கருவுள்ள செல் செர்டோலி. 1865-ல் என்ரிகோ செர்டோலி விவரித்தது. இதுதான் இங்கே டபீட்டத்தின் வேலையைச் செய்கிறது, ஊட்டுகிறது, எறிந்த சைட்டோபிளாசத்தை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. ஆனால் டபீட்டம் போலச் சாவதில்லை, அடுத்த பந்திக்கும் அதே இலைதான். குழல்களுக்கு இடையே உள்ளவை லீடிக் செல்கள், ஆண் ஹார்மோன் அங்கிருந்து.

மனிதனில் மூலச் செல்லிலிருந்து விந்தணு வரை சுமார் 64 முதல் 74 நாட்கள் ஆகும். கடும் காய்ச்சல் வந்து போனபின் எடுத்த விந்துப் பரிசோதனை மோசமாக இருந்தால், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான். இன்றைக்கு வெளிவருவது இரண்டு மாதத்துக்கு முன்பு வேலை தொடங்கிய சரக்கு. விந்தகத்துக்கு உடல் வெப்பத்தைவிட இரண்டு இரண்டரை டிகிரி குறைவாக வேண்டும் என்றும் படித்திருப்பீர்கள், நமக்கு அது சரி, ஆனால் யானைக்கும் கோழிக்கும் விந்தகம் வயிற்றுக்குள்ளேதான் இருக்கிறது, அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

கடைசி வேலை, மகரந்தத்தின் பாக்கிக் கணக்கு. அந்த 100 எங்கே 200 ஆகிறது என்று பார்க்க மகரந்தத்தை முளைக்க வைக்க வேண்டும். மருந்துக் கடையில் போரிக் பவுடர் கிடைக்கும், கேரம் போர்டில் தூவுகிறோமே, பல நேரம் அதுவும் இதுதான், ஆனால் சோதனைக்கு மருந்துக் கடைச் சரக்கே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கரைத்து, அதிலிருந்து 10 மில்லி எடுத்து, 80 மில்லி தண்ணீரும் 10 கிராம் சர்க்கரையும் சேருங்கள். போரிக் பவுடரில் உள்ள போரான் இல்லாவிட்டால் குழாய் முளைத்த வேகத்தில் வெடித்துவிடும். காசித்தும்பை அல்லது நித்தியகல்யாணி, அன்று காலை மலர்ந்த பூ, மகரந்தத்தை ஒரு சொட்டில் தட்டி, காயாமல் இருக்க ஸ்லைடை ஈரப் பஞ்சோடு ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். காசித்தும்பை அவசரக்காரி, சில நிமிடங்களிலேயே குழாய் விடத் தொடங்கும், நித்தியகல்யாணிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு ஸ்லைடு போதாது, ஆறு ஏழு போட்டு வைத்து, அரை மணிக்கு ஒன்றாக அசிட்டோகார்மைன் சொட்டி நிறுத்துங்கள். உருவாக்கச் செல் எப்போது இரண்டு ஆண் கேமீட்டுகளாகப் பிரியும் என்பது செடிக்குச் செடி மாறும். முதல் ஸ்லைடுகளில் குழாய்க்குள் இரண்டு உட்கருக்கள்தான் இருக்கும், வெளிறியது ஒன்று, கருத்தது ஒன்று. பிந்திய ஸ்லைடுகளில் நீளமான குழாய்களாகப் பார்த்து நுனிப் பக்கம் தேடுங்கள். வெளிறியதற்குப் பக்கத்தில், ஒன்றின் பின் ஒன்றாக, வால் இல்லாமல் இரண்டு கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவைதான் ஆண் கேமீட்டுகள். எல்லாமே ஒற்றைக் கருப்புப் புள்ளியாகவே இருந்தால் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள், நாளைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூட விட்டுப் பாருங்கள்.